நீங்கள் போடாவிட்டால் வேறொருவர்

வணக்கம் சார்,

அடுக்குமாடிக் கட்டுமானம் ஒன்றில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மூன்றாவது மாடித் தூண்களுக்கு ஊற்றிய கான்கிரீட்டில் கனசதுரக் கட்டி வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் டெஸ்டில் 25 மெகாபாஸ்கல் வரவேண்டிய இடத்தில் 19தான் வந்தது. பாஸ் என்று எழுதி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் மறுத்தால் இன்னொருவர் வந்து போடுவார், கட்டடம் எப்படியும் எழும்பும், என் வேலைதான் போகும். வீட்டுக்கடன் வேறு இருக்கிறது. மறுப்பதால் யாருக்கு என்ன பயன்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இன்னொருவர் போட்டுவிடுவார் என்பது உண்மைதான். ஆலன் மெக்டொனால்டுக்கும் அதுவே நடந்தது. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் சார்பில் ஏவுதளத்தில் இருந்தவர் அவர். 1986 ஜனவரி 27 இரவு, பூஸ்டர் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று யூட்டாவிலிருந்த அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் போனில் மன்றாடினார்கள். நாசா தரப்பு அழுத்த, நிறுவன நிர்வாகிகள் தனியாகக் கூடிப் பேசி 'ஏவலாம்' என்று மாற்றினார்கள். மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார், மேலதிகாரி போட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். மறுநாள் 73 நொடிகளில் ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

உங்கள் கணக்குப்படி அந்த மறுப்பு வீண். ஆனால் விசாரணைக் குழுவின் மூடிய கூட்டத்தில் நாசா அதிகாரி ஒருவர் அந்த எச்சரிக்கையைப் பூசி மெழுகியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த மெக்டொனால்ட்தான் எழுந்து, ஏவ வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருந்தோம் என்றார். விசாரணையின் போக்கே மாறியது. கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் எழுந்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. பொய்யில் கையெழுத்திட்டவர் அப்புறம் அந்தப் பொய்க்குக் காவலாளியாகவும் இருந்தாக வேண்டும்.

நிறுவனம் அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு பூஸ்டரைத் திருத்தியமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. அவரோடு எச்சரித்த ரோஜர் பாய்ஜாலிக்கு அப்படி அமையவில்லை, சக ஊழியர்கள் ஒதுக்க, வேலையை விட்டார். உங்களுக்கு எது வாய்க்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உங்களுக்குச் சம்பளம் தருவது கம்பெனி என்றாலும், அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பதே அங்கே குடிவரப்போகிறவர்களுக்காகத்தான்.

சரி, வேலையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கியூப் தோற்றதால் தூணும் தோற்றதாக ஆகிவிடாது. அச்சில் சரியாகக் குத்தாமல் நிரப்பியிருந்தாலோ, தண்ணீரில் ஊறப்போடாமல் விட்டிருந்தாலோகூட எண் குறையும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 இதற்குத்தான் கோர் டெஸ்ட் வைத்திருக்கிறது: கட்டியதிலிருந்தே துளைத்தெடுத்த மாதிரிகளின் சராசரி, கியூபுக்குரிய வலிமையில் 85 சதவீதமாவது இருந்து, எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் ஏற்கலாம். ஆகவே வந்த 19ஐ அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கோர் டெஸ்ட் வேண்டும், முடிவு வரும்வரை மேல்மாடிக்குக் கான்கிரீட் போடக்கூடாது என்று ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்கு இன்றே மெயில் அனுப்புங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். அப்படியும் வேறொருவரைக் கூட்டிவந்து போடவைத்தால், அந்த நகலோடு கட்டட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு நீங்கள் போகத்தான் வேண்டும். அதற்கு முன் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.