பயன்படாத பின்னணி இசையை மீண்டும் காட்சியோடு சேர்த்தல்: கேள்வி பதில்

ஒரு படத்துக்காக எழுதிப் பதிவும் செய்த பின்னணி இசை, இறுதி ஒலிக்கலவையில் இடம் பெறாமல் போவது உண்டு. அந்த இசையை அதற்குரிய காட்சியோடு மீண்டும் சேர்த்துப் பார்க்க விரும்பும் நண்பர்கள் கேட்ட கேள்விகளும், பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் நான் எழுதிய பதில்களும் இங்கே உள்ளன.

கேள்வி: குறுந்தட்டில் வெளியான ஓர் இசைத்துண்டைக் காட்சியின் தொடக்கத்தில் மிகச் சரியாகப் பொருத்தினேன். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் இசை பின்தங்குகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் வேகமே காரணம். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் எடுக்கப்படுகிறது. பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் அதே படம் 25 ஃபிரேம் வேகத்தில் ஓடும். திரையரங்கில் 3 நிமிடம் ஓடிய காட்சி அங்கே 172.8 நொடியில் முடிந்துவிடும். குறுந்தட்டில் உள்ள இசையோ தன் இயல்பான வேகத்தில் இருப்பதால் முடிவில் 7 நொடிக்கு மேல் மிஞ்சி நிற்கும். படத்தின் ஒலியும் வேகத்தோடு சேர்ந்து ஏறியிருந்தால் சுருதி ஏறத்தாழ 0.7 அரைச்சுரம் உயர்ந்திருக்கும். இந்த நிலையில் பலர் இசையை விரைவுபடுத்திப் படத்தோடு சேர்க்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். படத்தை 24 ஃபிரேமுக்குத் திருப்பிவிட்டு, இசையை உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள். 24-க்கும், டிஜிட்டல் வீடியோவில் பரவலாக உள்ள 23.976 ஃபிரேம் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு இதைவிடச் சிறியது, மணிக்கு 3.6 நொடி. ஆனாலும் மூன்று நிமிடத் துண்டில் நான்கு ஃபிரேம் நழுவிவிடும். கதவு சாத்தும் ஓசையோடு விழவேண்டிய முரசடி, அதோடு சேராமல் விழும்.

தொடக்கத்தைப் பொருத்திய பிறகு நடுவிலும் முடிவிலும் எவ்வளவு நழுவுகிறது என்று அளந்து பாருங்கள். நடுவில் உள்ள நழுவல் முடிவில் உள்ளதில் பாதியாக இருந்தால் வேகம் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஓரிடம் வரை சரியாக வந்து, திடீரென்று இரண்டு நொடி தாண்டுகிறது என்றால், இசை பதிவான பிறகு எடிட்டர் அந்த இடத்தில் படத்தை வெட்டியிருக்கிறார், அல்லது குறுந்தட்டுக்காக இசையையே ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். வேக மாற்றத்துக்கு ஒரே கணக்கு போதும். வெட்டு என்றால் ஒவ்வோர் இடமாகத் தேடித்தான் ஆகவேண்டும்.

கேள்வி: இசைத்துண்டின் பெயர் ‘4எம்2’ என்று மட்டுமே இருக்கிறது. எந்தக் காட்சிக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் எண் ரீலைக் குறிக்கும். ‘எம்’ என்பது இசை. கடைசி எண் அந்த ரீலில் அது எத்தனையாவது துண்டு என்பது. 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ரீலை ஆயிரம் அடியாகக் கணக்கிட்டிருந்தால் ஒரு ரீல் 11 நிமிடம் வரை வரும், நான்காம் ரீல் அரை மணி நேரத்தையொட்டித் தொடங்கும். இரண்டாயிரம் அடியாகக் கணக்கிட்டிருந்தால் அதே எண் ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய காட்சியைச் சுட்டும். ரீல்கள் முழுமையாக நிரம்புவதில்லை என்பதால் இந்தக் கணக்கு தோராயமானது. படத்தில் பயன்பட்ட வேறு துண்டுகளின் எண்கள் தெரிந்திருந்தால், அவற்றைக் கொண்டு எந்தக் கணக்கு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: காட்சி இரண்டு நிமிடம், இசை இரண்டே முக்கால் நிமிடம். இசையைச் சுருக்கிப் பொருத்தலாமா?

மென்பொருள் கொண்டு இழுத்துச் சுருக்குவதை நான் ஏற்பதில்லை. இசையமைப்பாளர் காட்சியை நொடிக்கணக்கில் அளந்தே எழுதுகிறார். அவர் இரண்டே முக்கால் நிமிடத்துக்கு எழுதியிருந்தால், அவர் கையில் கிடைத்த காட்சி இரண்டே முக்கால் நிமிடம் நீளமாக இருந்தது என்றே பொருள். இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: பயன்படாத இசை, நாம் இன்று காணாத ஒரு பழைய படத்தொகுப்புக்குச் சாட்சியாக இருக்கிறது. ஆகவே இசையில் கைவைக்கும் முன் அந்தப் பழைய தொகுப்பைத் தேட வேண்டும். வெட்டுண்ட காட்சிகள் டிவிடியின் கூடுதல் பகுதியில் கிடைக்கலாம். இல்லையென்றால் படப்பிடிப்புத் திரைக்கதையைப் பார்த்தாவது இடையில் என்ன இருந்தது என்று அறியலாம்.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக்ஸ் நார்த் படத்தின் முற்பாதிக்கு இசை எழுதிப் பதிவும் செய்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதை விட்டுவிட்டு, தொகுப்பின்போது தற்காலிகமாகச் சேர்த்திருந்த செவ்வியல் இசையையே நிலைநிறுத்தினார். 1968 ஏப்ரலில் படம் திரையிடப்பட்ட பிறகும் ஏறத்தாழ 19 நிமிடங்களை வெட்டினார். இன்று நம்மிடம் இருக்கும் படம், நார்த் பார்த்து எழுதிய படம் அன்று. அதன்மேல் அவர் இசையை வைத்துவிட்டு “பொருந்தவில்லை” என்று தீர்ப்புச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி.

வெட்டுண்ட பகுதி எங்கும் கிடைக்காவிட்டால், இசையையும் அதற்கு இணையான இடத்திலேயே வெட்டுங்கள். தாளக்கட்டு முடியும் இடத்தில், இயன்றால் ஓர் இசைத்தொடர் முடியும் இடத்தில் வெட்ட வேண்டும். ஜால்ரா அதிர்ந்துகொண்டிருக்கும்போது வெட்டினால் அதிர்வின் வால் அறுந்து நிற்பது எவர் காதுக்கும் தெரியும். அதிர்வு ஓயும்வரை முதல் பகுதியை அடியில் ஓடவிட்டு, இரண்டாம் பகுதியை அதன்மேல் தொடங்குங்கள்.

கேள்வி: படத்தின் ஒலியில் ஏற்கெனவே வேறு இசை இருக்கிறது. வசனத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது?

ஒலியை ஆறு தனி அலைவரிசைகளாகத் தரும் 5.1 ஒலித்தடம் இருந்தால் நடு அலைவரிசையில் வசனமே பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, காலடி, காற்று, வண்டி ஓசைகளை மற்ற அலைவரிசைகளில் இசை இல்லாத நொடிகளிலிருந்து திரட்டுங்கள். ஒற்றைத் தடமாக வந்த பழைய படங்களுக்கு இந்த வழி உதவாது. செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒலிகளைப் பிரிக்கும் மென்பொருள்களையே நாட வேண்டும். அவை குரலை நன்றாகவே பிரிக்கின்றன, ஆனால் மூச்சையும் அறையின் மெல்லிய இரைச்சலையும் இசையென்று எண்ணித் துடைத்துவிடுகின்றன. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே அறையே காணாமல் போனதுபோல் ஒலிக்கும். அதே காட்சியில் இசையற்ற அரை நொடியைத் தேடியெடுத்து, அந்த இரைச்சலை முழுநீளத்துக்கும் அடியில் பரப்புங்கள்.

சில படங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ‘ஏலியன்’ படத்தில் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை சில இடங்களில் நீக்கப்பட்டு, அவர் முன்பு ‘ஃபிராய்ட்’ என்ற படத்துக்கு எழுதியதும், முடிவில் ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனியும் சேர்க்கப்பட்டன. 1999-இல் வந்த டிவிடியில் கோல்ட்ஸ்மித்தின் இசை மட்டும் தனித்தடமாக, காட்சிகளோடு பொருத்தியே கொடுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: ஒலிப்பதிவு இல்லை, எழுதிய இசைக்குறிப்பு மட்டும் கிடைத்தால்?

புதிதாக வாசித்துப் பதிவு செய்யலாம். நார்த்தின் இசையை 1993-இல் கோல்ட்ஸ்மித்தே நடத்திப் பதிவு செய்தார். 1968-இன் மூலப்பதிவு 2007-இல்தான் வெளிவந்தது. ஆனால் புதிய பதிவைக் காட்சியோடு சேர்க்கும்போது கவனம் தேவை. கேட்பதற்கென்று வாசிக்கும்போது நடத்துநர் மெல்லிய இடங்களில் சற்று நிதானிப்பார், காட்சி அவருக்காகக் காத்திருக்காது. குறிப்பில் ‘12 ஃபிரேம் கிளிக்’, அதாவது 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு, என்று எழுதியிருந்தால் அது நிமிடத்துக்கு 120 தட்டு. 16 ஃபிரேம் என்றால் 90. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாளக்கட்டும் எந்த நொடியில் விழவேண்டும் என்று அட்டவணை போட்டுவிட்டால், பதிவு எங்கே விலகுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: இயக்குநர் வேண்டாம் என்று ஒதுக்கிய இசையை நாம் சேர்ப்பது முறையா?

இந்தக் கேள்வியை நான் பலமுறை எனக்குள் கேட்டிருக்கிறேன். 1966-இல் வந்த ‘டார்ன் கர்ட்டன்’ படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் வயலினும் வயோலாவும் இல்லாமல், 12 புல்லாங்குழல், 16 ஹார்ன் என்று விந்தையான குழுவை அமைத்து இசை எழுதினார். ஒரு பகுதி பதிவான நிலையிலேயே இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அதை நிறுத்திவிட்டார். ஜான் அடிசன் வேறு இசை தந்தார். அந்தப் படத்தில் ஒரு பண்ணை வீட்டுக் கொலை வருகிறது. வெளியே டாக்ஸி ஓட்டுநர் காத்திருப்பதால் எவரும் சத்தமிட முடியாது. கத்தி உடைகிறது, மண்வெட்டியால் காலில் அடிக்கிறார்கள், கடைசியில் எரிவாயு அடுப்புக்குள் தலையை இழுத்துச் செல்கிறார்கள். படத்தில் இந்த இடம் முழுவதும் இசையில்லாமல் ஓடுகிறது. கால்கள் தரையில் தேயும் ஓசையும் மூச்சிரைப்பும் மட்டுமே கேட்பதால், ஒருவரைக் கொல்வது எவ்வளவு கடினம், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நாம் உடலால் உணர்கிறோம்.

ஹெர்மன் இந்தக் காட்சிக்கும் இசை எழுதியிருந்தார். அதைச் சேர்த்துப் பார்த்தால் கொலையின்மேல் ஒரு பெரும் விசை ஏறிவிடுகிறது. பார்ப்பவரின் தவிப்பை இசை தன் தோளில் வாங்கிக்கொள்கிறது. இந்தக் காட்சியைப் பொறுத்தவரை ஹிட்ச்காக்கின் மௌனமே சரி என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகே வந்தேன். படத்தைத் திருத்துகிறோம் என்ற எண்ணத்தோடு செய்தால் முறையன்று. எதை விட்டு எதை ஏற்றார்கள் என்று அறிந்துகொள்ளச் செய்தால் அது படத்துக்கும் இசையமைப்பாளருக்கும் காட்டும் மரியாதை. எந்த இடத்தில் வெட்டினோம், எதை ஊகித்தோம் என்பதை எழுதி உடன் வைப்பது கட்டாயம்.

கேள்வி: செய்ததைப் பிறர் பார்க்க இணையத்தில் ஏற்றலாமா?

படம், ஒலிப்பதிவு, இசையாக்கம் மூன்றுக்கும் உரிமையாளர்கள் வேறுவேறாக இருக்கலாம். குறுந்தட்டை விலைக்கு வாங்கியதால் இவற்றில் எந்த உரிமையும் நமக்கு வருவதில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அனுமதி பெறாமல் ஏற்ற வேண்டாம் என்பதே என் அறிவுரை.

கேள்வி: இசை எப்போதும் வசனத்தை மூழ்கடிக்கிறது.

குறுந்தட்டுக்காக உரக்கத் தயாரித்த பதிவு அது. முந்தைய காட்சியின் இசை அளவோடு ஒப்பிட்டு முழுத்துண்டையும் ஒருசேரத் தாழ்த்துங்கள். பிறகு வசனம் வரும் இடங்களில் மட்டும் இன்னும் சிறிது தாழ்த்தினால் போதும்.

கேள்வி: முதன்முறையாகச் செய்து பார்க்க ஏற்ற படம் எது?

‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’. 1969-இல் வந்த இந்தப் படத்துக்கு வில்லியம் வால்டன் எழுதிய இசை ஒதுக்கப்பட்டு, ரான் குட்வின் இசை சேர்க்கப்பட்டது. 2004-இல் வந்த டிவிடியில் வால்டனின் இசையுடன் கூடிய ஒலித்தடமும் உண்டு. வானத்தில் நடக்கும் பெரும் சண்டைக்கு வால்டன் எழுதிய பகுதியை மட்டும் குட்வின் இசையுடன் வந்த படமும் வைத்துக்கொண்டது. ஆகவே அந்த இடத்தில் இரண்டு தடங்களிலும் ஒரே இசை ஒலிக்கும். வால்டனின் இசை குறுந்தட்டாகவும் வந்திருக்கிறது. அதை அந்தச் சண்டைக் காட்சியில் முதலில் பொருத்துங்கள். அங்கே ஃபிரேம் பிசகாமல் நின்றால் உங்கள் வேகம் சரி. பிறகு அங்கிருந்து முன்னும் பின்னுமாக மற்றத் துண்டுகளைப் பொருத்திக்கொண்டு போகலாம். ஐயம் வரும்போதெல்லாம் டிவிடியின் தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.