மதுரை மல்லி மணக்கும், மலர் மருந்து மணக்காது

மாட்டுத்தாவணி சந்தையில் பூக்கடை வைத்திருக்கிறேன். மீந்த மல்லிகையில் நாமே மலர் மருந்து தயாரிக்கலாமா?
– பூ வியாபாரி, மேலூர்

வேண்டாம் ஐயா. பூச்சிமருந்து அடித்த பூவாக இருந்தால் வம்பு. மல்லிகையிலிருந்து எடுக்கிற வாசனை எண்ணெய் வேறு, மலர் மருந்து வேறு. அந்த எண்ணெயைக் குடிக்கக் கூடாது. மலர் மருந்து என்பது பயம், துக்கம் போன்ற மனக் கலக்கங்களுக்கென்று இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் பாக் 1930களில் வகுத்த முறை. குறிப்பிட்ட பூக்களை ஊற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள், சிலவற்றை அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். வடிகட்டிய தண்ணீரோடு அதே அளவு பிராந்தி சேரும். பூ மணமே இருக்காது. மொத்தம் 38 மருந்துகள். நம்ம மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது; பாக் பட்டியலில் மட்டும் இடமில்லை!

பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பரீட்சை என்றாலே கை நடுங்குகிறது. எந்த மருந்து?
– ஒரு தாய், திருமங்கலம்

முதலில் எதற்குப் பயம் என்று அவளிடமே கேளுங்கள். கணக்குப் பரீட்சை, அப்பாவின் கோபம் என்று காரணம் சொல்லத் தெரிந்தால் மிமுலஸ். காரணமே தெரியாத கலக்கம் என்றால் ஆஸ்பென். "எனக்கெல்லாம் வராதும்மா" என்று எழுதும் முன்பே தோற்றுவிட்டால் லார்ச். 30 மில்லி பாட்டில் தண்ணீரில், தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மருந்திலும் இரண்டு சொட்டு கலந்து, அதிலிருந்து நாலு சொட்டு, தினம் நாலு வேளை.

ஒன்றை மறைக்க மாட்டேன். பரீட்சைப் பயத்துக்கே இதை வெளிநாட்டில் சோதித்திருக்கிறார்கள். மருந்தில்லாத வெறும் சொட்டு வாங்கியவர்களுக்கும் இதே அளவு பலன்தான். இத்தனை வருடம் கொடுத்துவந்த என் கணிப்பும் கிட்டத்தட்ட அதுதான்: மருந்தைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் பேசுகிறோமே, பிள்ளை அங்கேயே பாதி தெளிந்துவிடுகிறாள். அதனால் பாட்டில் வாங்கும் முன்பு அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். பரீட்சை முடிந்த பிறகும் நடுக்கம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடிப்பழக்கத்தை விட என் கணவர் மாத்திரை சாப்பிடுகிறார். மனச்சோர்வுக்கு இதையும் தரலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

தராதீர்கள் அம்மா. சொட்டு மருந்தில் பிராந்தி இருக்கிறது. டைசல்ஃபிரம் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் சாராயம் பட்டாலும் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரலாம். சர்க்கரை உருண்டையாகக் கிடைத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மனைவி இறந்து ஐந்து மாதம். வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டு மலர் மருந்துக்கு மாறலாமா?
– ஓய்வுபெற்றவர், செல்லூர்

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் சார். துக்கத்துக்கு ஸ்டார் ஆஃப் பெத்லஹேம், பழைய நினைப்பிலேயே ஊறிக் கிடந்தால் ஹனிசக்கிள் என்று சொல்வோம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் யாரையாவது கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ராத்திரி எத்தனை மணியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.