பெட்டியை அளக்காதீர்கள், அடிக்கட்டையை அளங்கள்

விமானத்தில் சரக்காக அனுப்ப 150 கிலோ பம்ப். மரப்பெட்டியின் அடிப்பாகம் 60க்கு 50 சென்டிமீட்டர். “சதுர மீட்டருக்கு 500 கிலோதான் வருகிறது, விமானத்தின் தரை 732 தாங்கும், கவலையே வேண்டாம்” என்று சரக்கு ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பாதீர்கள். 732 சரிதான், போயிங் 737 சரக்கறைக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு அது. 500தான் தப்பு. உங்கள் பெட்டி தரையில் முழுசாக உட்காரவில்லை. 60 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு அடிக்கட்டைகள் மேல் நிற்கிறது. தரையைத் தொடும் பரப்பு 0.06 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 2500 கிலோ!

“அடியில் ஒரு பலகை போட்டால் போச்சு” என்பார்கள். பலகை தன் தடிமன் அளவுக்குத்தான் இருபுறமும் எடையைப் பரப்பும் என்பது தோராயக் கணக்கு. இரண்டரை சென்டிமீட்டர் பலகை போட்டாலும் 1250 வருகிறது. அடிக்கட்டையை நான்காக்கி, எடை நான்கிலும் சமமாக இறங்கும்படி செய்து, அதே பலகையையும் போட்டால் 625. மரத்தின் எடை 18 கிலோவுக்குள் இருந்தால், அதையும் சேர்த்து 700க்குள் நிற்கும்.

அப்புறம், “விமானத்தை ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள், கொஞ்சம் கூடினால் பரவாயில்லை” என்பவரிடம் சரக்கையே கொடுக்காதீர்கள். பறக்கும்போது விமானம் வழக்கமான எடையைப் போல 2.5 மடங்கு விசையைச் சந்திக்க நேரலாம். அப்போது உங்கள் பம்ப் 375 கிலோ போல அழுத்தும். அந்த விசையையும் கணக்கில் எடுத்த பிறகு, அதற்கும் மேல் வைத்ததுதான் அந்த ஒன்றரை. அது ஏஜென்ட் செலவழிக்க வைத்த மிச்சம் இல்லை.

ஒரு விலக்கு உண்டு. பெரிய விமானங்களில் சரக்கை அலுமினிய பேலட்டில், அதாவது ஒரு தட்டையான தகட்டில், கட்டி உருளைகள் மேல் தள்ளி ஏற்றுவார்கள். அங்கே எடை உருளைகள் வழியாக இறங்குவதால் வரம்புகளே வேறு. ஆனால் அந்தத் தகடு மெல்லியது; கூரான அடிக்கட்டை அதையும் வளைத்துவிடும். எனவே பேலட் என்றாலும் அடிக்கட்டைக் கணக்கைக் கேட்காமல் விடாதீர்கள்.

நான் பார்த்த முன்பதிவுப் படிவங்கள் நீளம், அகலம், உயரம், எடை என்று நான்கோடு நிறுத்திக்கொள்கின்றன. தரையைத் தொடும் பரப்புக்கு ஒரு கட்டம் போட இவர்களுக்கு என்ன தடை? நீங்களே அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, அளவுகளோடு விமான நிறுவனத்தின் எடைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெட்டியை ஆணி அடித்து மூடுவதற்கு முன்பே.