மானிட்டர்: தெளிவா, வேகமா? கேள்வி பதில்

கேள்வி: 4கே தெளிவும் (3840x2160 பிக்சல்) 144 ஹெர்ட்ஸும் (நொடிக்கு 144 தடவை படம் மாறுவது) சேர்ந்த மானிட்டரை எல்லோரும்தான் கேட்டோம். ஏன் இத்தனை தாமதம்?

பதில்: எல்லோரும் கேட்கவில்லை, அதுதான் சிக்கல். எழுத்தும் படமும் பார்ப்பவர்கள் தெளிவு கேட்டார்கள். 60 ஹெர்ட்ஸ் அவர்களுக்குப் போதும். கணினியில் விளையாடுகிறவர்கள் வேகம் கேட்டார்கள்; அதற்காக 1080பி-யிலேயே (1920x1080 பிக்சல்) இருக்கவும் தயார். இரண்டும் வேண்டும் என்றவர்கள் கொஞ்சப் பேர்.

ஐபிஎம் 2001-லேயே 22 அங்குலத்தில் 3840x2400 பிக்சல் மானிட்டர் கொண்டுவந்தது. யானை விலை, வேகமும் மிகக் குறைவு. 4கே 144 ஹெர்ட்ஸ் 2018-ல் வந்தது. ஆசஸ், ஏசர் இரண்டும் 27 அங்குலம், 2000 டாலரை ஒட்டிய விலை, உள்ளே விசிறி வேறு. கணினியை மானிட்டரோடு இணைக்கும் அப்போதைய டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வழியே நொடிக்குச் சுமார் 26 கிகாபிட்தான் போகும். ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 10 பிட் வைத்து 4கே 144 ஹெர்ட்ஸுக்கு 35-க்கு மேல் வேண்டும். அதனால் நிறத் தகவலைக் குறைத்து அனுப்பினார்கள். எழுத்தின் விளிம்பில் சாயம் கசிந்தது. தரவைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி என்ற முறை மானிட்டர்களுக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் வாங்கினேன், வித்தியாசமே தெரியவில்லை.

பதில்: விண்டோஸ் அமைப்பில் பெரும்பாலும் 60-லேயே நிற்கும். மாற்றுங்கள்.

கேள்வி: பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 (இன்னொரு வகை இணைப்பு) என்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: கூடாது. அந்த எண்ணைப் போட, அதன் முழு வேகமான நொடிக்கு 48 கிகாபிட் கட்டாயமில்லை, பழைய 18-ஐ வைத்துக்கொண்டும் போடலாம். எந்தப் போர்ட்டில் எந்தத் தெளிவுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்ற அட்டவணை கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: 60-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாதாமே?

பதில்: மவுஸ் அம்பை 4கே திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அரை நொடியில் இழுங்கள். 60-ல் 30 அம்புகள், 128 பிக்சலுக்கு ஒன்று. 144-ல் 72 அம்புகள், 53 பிக்சலுக்கு ஒன்று. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் விளையாடுவதே இல்லை, புரோகிராம் எழுதுகிறேன். 27 அங்குல 5கே (5120x2880 பிக்சல்) ஐமேக் 2014-லேயே வந்தது. 2022-ல் வந்த ஆப்பிள் ஸ்டுடியோ டிஸ்ப்ளேயும் 60-தான். தேவை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்!

பதில்: தேவை உண்டு, கேட்பவர்கள் எண்ணிக்கை இல்லை. 5கே 120 ஹெர்ட்ஸுக்கு 8 பிட் நிறத்திலேயே நொடிக்கு 42 கிகாபிட் வேண்டும். உங்கள் அலுவலகம் மொத்தமாக வாங்குவதோ 24 அங்குல 1080பி.

கேள்வி: குறுக்கிடுகிறேன். விலையை இறக்கியதே நாங்கள்தான், விளையாடுகிறவர்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள்?

பதில்: 144-ன் விலையை இறக்கினீர்கள், சரி. அதே நீங்கள்தான் 1080பி-யையும் இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருக்கிறீர்கள். 4கே-யில் 1080பி-யைப் போல நான்கு மடங்கு பிக்சல். அதை 144 தடவை வரையும் கிராபிக்ஸ் கார்டு எத்தனை வீட்டில் இருக்கிறது? கார்டு இல்லாமல் மானிட்டர் எப்படி விற்கும்?

கேள்வி: என் 144 ஹெர்ட்ஸும் 60 மாதிரியே...

பதில்: மேலே சொல்லிவிட்டேன், விண்டோஸ் அமைப்பைப் பாருங்கள்.

கேள்வி: அமைப்பில் 144 என்ற தேர்வே இல்லையே?

பதில்: மானிட்டரோடு வந்த கேபிளைப் போடுங்கள். பழையது வேண்டாம்.