சின்ன மாற்றம்தானே என்று மைனர் ரிலீஸில் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் குழு பராமரிக்கும், பிறர் தங்கள் நிரல்களில் பயன்படுத்தும் மென்பொருள் லைப்ரரி இப்போது 2.4இல் இருக்கிறது. அடுத்த 2.5க்கு நான்கு மாற்றங்கள் தயார்: புதிய எக்ஸ்போர்ட் வசதி, தொகைகளைத் தவறாக ரவுண்ட் செய்யும் ஒரு பழைய பக்கின் திருத்தம், டிஃபால்ட் டைம்அவுட்டை (ஒரு வேலை முடியக் காத்திருக்கும் நேர வரம்பு) 30 நொடியிலிருந்து 10 ஆகக் குறைப்பது, ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் மாற்றம். எல்லாமே சின்னவைதான். ஒன்றாக விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். எக்ஸ்போர்ட் வசதி போகலாம், பெயர் மாற்றம் பாதி போகலாம், டைம்அவுட் நிற்கட்டும். ரவுண்டிங் பக்கைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

எத்தனை வரி மாறியது என்பதை வைத்துச் ‘சின்னது’ என்று சொல்லாதீர்கள். உங்கள் பட்டியலில் டைம்அவுட் மாற்றம் ஒரே வரியாகத்தான் இருக்கும். அதிக ஆபத்தும் அதில்தான். 2.5ஐப் போடுகிறவர் உங்கள் ரிலீஸ் குறிப்பைப் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அவருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். பல இடங்களில் அப்டேட்டை மனிதர்கள் போடுவதே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மில் ஒரு பேக்கேஜைச் சேர்த்தால் பதிப்பு எண்ணுக்கு முன் ^ குறி தானாக வந்துவிடும். ^2.4.0 என்றால் 2.5 வரலாம், 2.9ம் வரலாம், 3.0 மட்டும் வரக்கூடாது என்று பொருள். எந்தப் பதிப்பு வேண்டும் என்று துல்லியமாகப் பதிந்துவைக்கும் லாக் ஃபைல் இல்லாத இடத்தில் அடுத்த இன்ஸ்டாலிலேயே உங்கள் 2.5 அங்கே போய் இறங்கிவிடும்.

இதற்கு அடிப்படை செமாண்டிக் வெர்ஷனிங் என்ற பதிப்பு எண் முறை. பழைய கோடை உடைக்காமல் புதிதாகச் சேர்த்தால் மைனர் (2.5), பக் திருத்தம் மட்டும் என்றால் பேட்ச் (2.4.1), உடைந்தால் மேஜர் (3.0). எல்லாரும் இதையே பின்பற்றுவதில்லை. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் ‘மைனர்’ என்று வெளியிடுவதில் திருத்தங்கள் மட்டுமே இருக்கும், புதிய வசதி வராது. பைத்தான் மொழியோ, எண்ணைப் பார்த்தால் மைனர் போலத் தெரியும் 3.12இல், பேக்கேஜ் உருவாக்கப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூலையே நீக்கிவிட்டது, முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான். நீங்கள் எந்த வழி என்பதை ரீட்மீயில் இரண்டு வரி எழுதிவைத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

சரி, பக்குக்கு வருவோம். கிராஷ் ஆகிறது, எரர் வீசுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், திருத்துங்கள். கிராஷை நம்பி யாரும் கோடு எழுதுவதில்லை. ரவுண்டிங் அப்படியல்ல. இதுவரை ஒரு விடை வந்துகொண்டிருந்தது, நாளை முதல் சத்தமில்லாமல் வேறு விடை வரும். பழைய விடைகள் யாருடைய டேட்டாபேஸிலோ ஏறியிருக்கும். அதைச் சரிக்கட்ட யாரோ ஒரு பைசா கூட்டிக் கழித்து கோடு எழுதியிருப்பார்கள். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரில் ஒரு விதியே உண்டு: போதுமான பேர் பயன்படுத்தினால், நீங்கள் ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும், கண்ணில் படும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். எரர் செய்தியின் வாசகத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

அதனால் புதிய ரவுண்டிங்கை 2.5இல் ஒரு ஆப்ஷனாகக் கொடுங்கள், டிஃபால்டாக அணைந்தே இருக்கட்டும். 3.0இல் அதையே டிஃபால்ட் ஆக்கலாம். உங்கள் ஆவணத்தில் சரியான ரவுண்டிங் முறை வெளிப்படையாக எழுதியிருந்தால், கோடு அதை மீறுகிறது என்று சொல்லி நேராகவே திருத்த உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் தொகை சம்பந்தப்பட்ட இடத்தில் நான் ஆப்ஷன் வழியையே எடுப்பேன். பாதுகாப்பு ஓட்டை மட்டும் விதிவிலக்கு: சிலருக்கு உடைந்தாலும் மூடத்தான் வேண்டும், குறிப்பின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

டைம்அவுட்டும் இதே கதைதான். 20 நொடி எடுக்கும் ஒரு வேலை யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கும், 2.5க்குப் பிறகு அது பாதியில் அறுந்துவிடும். பயனர் தாமே மதிப்பை அமைக்க வழி இல்லையென்றால் அதை மட்டும் இப்போது சேருங்கள்.

பெயர் மாற்றத்தில் புதிய பெயரைச் சேர்த்துவிட்டு, பழையது உள்ளே அதையே அழைக்கும்படி விட்டுவையுங்கள். பழையதற்கு டெப்ரிகேட் (‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’) குறி போடுங்கள், நீக்குவது 3.0இல்.

எக்ஸ்போர்ட் வசதியில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அதற்காகப் பயனர்கள் இம்ப்ளிமென்ட் செய்யும் இன்டர்ஃபேஸில் (எந்தெந்த மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்) புதிய மெத்தட் எதையாவது கட்டாயமாக்கியிருந்தால், அவர்கள் கோடு கம்பைல் ஆகாது. ஜாவா 8இல், 2014இல், இன்டர்ஃபேஸிலேயே கோடோடு எழுதிவைக்கும் டிஃபால்ட் மெத்தட் வந்ததே இந்தத் தொல்லையால்தான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: 2.5 எழுதும் ஃபைலை 2.4 படிக்குமா? படிக்காவிட்டால் பிரச்சினை வந்து பின்வாங்க நினைப்பவருக்கு வழி இல்லை. ஃபைல் வடிவத்தை மாற்றும் வேலை எதுவும் எக்ஸ்போர்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதைப் பிரித்து 3.0க்குத் தள்ளுங்கள்.