குத்துப்பட்டவன் பாடுவானா?

கேள்வி: ஐயா, மிலானில் வேலை செய்யும் என் மகள், நாங்கள் அங்கே போகும் வாரத்தில் லா ஸ்காலா அரங்கில் 'டோஸ்கா' ஓப்பரா (வசனத்தையும் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம்) பார்க்க டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள். இத்தாலிய மொழி எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. "கத்திக்குத்து பட்டவன்கூட பத்து நிமிஷம் பாடிட்டுத்தான் சாவான், நீ தூங்கிடுவே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். போகலாமா? சேலை கட்டலாமா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. பட்டுச்சேலையே கட்டுங்கள். அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனுமாக வருபவர்களைத்தான் உள்ளே விடமாட்டார்கள், அதை வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள், பிந்தினால் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

பாடும் வரிகள் உங்கள் முன்னால் ஒரு சின்னத் திரையில் ஆங்கிலத்திலும் ஓடும், ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மேடையைக் கோட்டை விட்டுவிடுவீர்கள், அதனால் கதையை இப்போதே தெரிந்துகொண்டு போங்கள். முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமே என்கிறீர்களா? மயான காண்டத்தில் சந்திரமதி பிழைத்துவிடுவாள் என்று தெரிந்தும், அரிச்சந்திரன் வாளை ஓங்கும்போது தோட்டத்து ஜனமே உட்கார்ந்து அழவில்லையா!

சரி, கதை. 1800 ஜூன், ரோம் நகரம். டோஸ்கா பெயர்பெற்ற பாடகி. அவள் காதலன் கவரதோசி, ஓவியன். சிறையிலிருந்து தப்பி வந்த ஒருவனை ஒளித்து வைத்து மாட்டிக்கொள்கிறான். போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா பக்கத்து அறையில் அவனைச் சித்திரவதை செய்யச் சொல்லி, அந்த அலறலை அவளைக் கேட்க வைத்து, என் ஆசைக்கு இணங்கினால் அவனைச் சுடுவதுபோல் பாவனை மட்டும் செய்யச் சொல்கிறேன் என்று பேரம் பேசுகிறான். அவள் தலையாட்டுகிறாள். ஊரைவிட்டுப் போக அவன் அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டு மேசைமேல் கிடக்கும் கத்தி அவள் கண்ணில் படுகிறது.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் இங்கேதான். குத்துப்பட்ட ஸ்கார்ப்பியாவுக்குப் பாட்டே கிடையாது. மூச்சுத் திணறி, உதவி உதவி என்று கத்தியே சாகிறான். அதற்குப் பிறகுதான் நீங்கள் திரையை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டியது. டோஸ்கா விரல்களைக் கழுவுகிறாள், பிணத்தின் கையில் இறுகிக் கிடக்கும் சீட்டை இழுத்து எடுக்கிறாள், இரண்டு மெழுகுவர்த்திகளைக் கொண்டுவந்து அவன் தலைக்கு இருபுறமும் வைத்து, மார்பில் ஒரு சிலுவையையும் வைக்கிறாள். வாத்தியங்கள் மட்டும் மெல்ல ஒலிக்கும். கொன்றவளுக்கும் தெய்வ பயம் விடவில்லை, பாருங்கள்.

பாட்டு கவரதோசிக்கு. விடிந்தால் சாவு, அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவன் பாதியில் நிறுத்திவிட்டுப் பாடுவான். அப்புறம் பாவனை என்று சொன்ன துப்பாக்கிகளில் நிஜக் குண்டு. அவள் கோட்டை மதிலிலிருந்து குதித்துவிடுகிறாள். 1900 ஜனவரியில் ரோமில் அரங்கேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் இசை இது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், இடைவேளைகள் தனி. தூக்கம் வராது.

கேள்வி: மைக் இல்லாமலே பாடுவார்களாமே, அவ்வளவு பெரிய அரங்கில் எப்படிக் கேட்கும்?
- ஒரு மாணவர், அதே ஊர்

பதில்: லா ஸ்காலாவில் ஏறக்குறைய 2,000 பேர் உட்காரலாம் தம்பி. வாத்தியக் குழுவின் பலமெல்லாம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் (ஒலி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ்). மேலே போகப் போகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற பாடகர்கள், முக்கியமாக ஆண்கள், தொண்டைக்குழியை அமைத்துக்கொள்ளும் விதத்தில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே குரலுக்குத் தனி வலு ஏறும். வாத்தியங்கள் அடங்கிப்போகும் அந்த இடத்தில் குரல் நுழைந்து வெளியே வந்துவிடுகிறது. நம் ஊரில் ஐம்பது பேர் கூடும் பிறந்தநாளுக்கே நாலு ஒலிபெருக்கி கட்டுகிறோம், ம்!

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் கூச்சல் போடலாமா?
- இன்னொரு வாசகர்

பதில்: அங்கே மேல்மாடி ரசிகர்களுக்கு அதுதான் வேலையே. 2006 டிசம்பரில் 'ஐடா' ஓப்பரா நடந்தபோது அவர்கள் கூச்சல் போட, பாடகர் ரொபெர்த்தோ அலாக்னா மேடையைவிட்டே போய்விட்டார். மாற்றுப் பாடகர் வேஷம் போடக்கூட நேரமில்லாமல் சாதாரண உடையிலேயே ஓடிவந்து பாட்டைத் தொடர்ந்தார், வாத்தியக் குழு நிறுத்தவே இல்லை.