நெய்மார் இருந்திருந்தால்?

கேள்வி: 2014 உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதியில், சொந்த மண்ணிலேயே பிரேசில் 7-1 என்று ஜெர்மனியிடம் தோற்றதே, அவர்களின் நட்சத்திர முன்கள ஆட்டக்காரர் நெய்மார் இல்லாததுதானே காரணம்? எங்கள் டீக்கடையில் இன்னும் சண்டை ஓயவில்லை.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: நெய்மார் கோல் போடுவார், சரி. வாங்கிய ஏழையும் அவரா தடுத்திருப்பார்? மஞ்சள் அட்டையால் ஆட முடியாமல் போன கேப்டனும் தடுப்பாட்டக்காரருமான தியாகோ சில்வாதான் பெரிய இழப்பு. அதைவிடப் பெரிய தப்பு நடுக்களத்தில். நெய்மார் இடத்தில் பயிற்சியாளர் ஸ்கொலாரி இறக்கியது பெர்னார்ட் என்ற இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரரை. ஜெர்மனியின் நடுக்களத்தில் குரூஸ், கெதிரா, ஷ்வைன்ஸ்டைகர் என்ற மூவரைச் சமாளிக்க லூயிஸ் குஸ்தாவோவும் பெர்னாண்டினோவும் மட்டும்தான்!

நான்காவது கோலை மறுபடி பாருங்கள். பெர்னாண்டினோ காலிலிருந்து பந்தைப் பறிக்கிறார் குரூஸ். கெதிராவிடம் தட்டி, திரும்ப வாங்கி, உள்ளே தள்ளுகிறார். குறுக்கே வர ஆளே இல்லை. 23-லிருந்து 29-வது நிமிடத்துக்குள் நான்கு கோல். நள்ளிரவு தாண்டி டிவி முன் உட்கார்ந்திருந்த நான், ஒரே கோலைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் ஸ்கோரைப் பார்த்தேன். சிறு வயது முதல் பிரேசிலின் மஞ்சள் சட்டை ரசிகன் நான், அன்று தூங்கவே இல்லை.